பத்து அட்டை நேரம்

மகள் பெங்களூரிலிருந்து அப்பாவுக்கு சைக்கிள் அனுப்பியிருக்கிறாள் என்றதும் நான் இரண்டு சக்கரத்தை எதிர்பார்த்தேன். பெட்டியைப் பிரித்தால் ஒரு சீட்டு, ஒரு கைப்பிடி, இரண்டு பெடல், நடுவில் மூடி போட்ட கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று. அவ்வளவுதான். “இது எங்கயும் போகாதுங்களா?” என்று கொண்டுவந்து இறக்கியவரிடம் கேட்டேன். “போகாதுங்கம்மா. நின்ன எடத்துலயே ஓட்டோணும்” என்றார். நல்ல கூத்துதான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் புது வண்டி எது வந்தாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்போம். இதற்கு எதன் அடியில் வைப்பது? பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச்சுற்றி வந்தேன். கடைசியில் பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன்.

“வண்டி திருச்செங்கோடு வரைக்குமாச்சும் போகுமான்னு கேளு புள்ள” என்றார் என் வீட்டுக்காரர், இருமலுக்கு நடுவில்.

அந்த இருமல்தான் சைக்கிளைக் கொண்டுவந்தது. நாங்கள் ராசிபுரத்துக்குத் தெற்கே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்கள். செட் என்று நாங்கள் சொல்கிற நீளக் கொட்டகை நான்கு, இருபதாயிரம் கோழி. வீடும் பண்ணைக்குள்ளேயேதான். முப்பது வருஷமாகத் தினமும் விடிந்ததும் அவர் செட்டுக்குள் போய்த் தீவனத்தைக் கையால் அள்ளிப் பார்ப்பார், கோழியின் கொண்டையைப் பார்ப்பார், கீழே குனிந்து எச்சத்தைப் பார்ப்பார். சீக்கு வருகிறதா இல்லையா என்பதை மருந்துக் கம்பெனிக்காரர் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள் தன் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை இரண்டு வருஷம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகைக்கிற பழக்கம் கிடையாது, குடி கிடையாது. “சளி, போயிரும்” என்பார். போகவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார். உடம்பில் தெம்பு இல்லை, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும், மூச்சு தானாகப் பழகும் என்றார். எங்கள் வீட்டு முன்னால் போகிற ரோட்டில் தீவன லாரியும் முட்டை லாரியும் போகிற போக்கில் நடந்தால் மூச்சுக்கு முன்னால் ஆளே போய்விடுவார். அதனால் சைக்கிள்.

“நல்ல காற்றோட்டமான எடமாப் பார்த்துப் போடுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு டிவி இருக்கிற ஹாலில் போட ஆசை. நான் ஒரேயடியாக மறுத்தேன். எங்கள் ஹால் சித்திரை மாதத்தில் அடுப்பு. கோழிப் பண்ணைக்காரிக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டை நாங்கள் கிழக்கு மேற்காக நீட்டித்தான் கட்டுவோம். வெயில் உள்ளே அடிக்காது, காற்று குறுக்கே புகுந்து வெளியேறும். மனிதர்கள் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு யோசிக்க மாட்டோம். கோழி வெயிலில் துவண்டால் முட்டை போச்சு, நாம் துவண்டால் விசிறிக்கொள்ளலாம். முதல் செட்டை ஒட்டி, காற்று வெளியேறுகிற பக்கத்தில், முட்டை ரூம் இருக்கிறது. கம்பிவலை ஜன்னல். செட்டின் குறுக்கே வருகிற காற்று அத்தனையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். கத்திரி வெயிலில்கூட அங்கே உட்கார்ந்தால் வியர்க்காது. எங்கள் பண்ணையிலேயே காற்று அதிகமான இடம் அதுதான். அடுக்கியிருந்த காலி அட்டைகளை ஒரு ஓரமாகத் தள்ளி, தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவி, ஜன்னலைப் பார்த்தபடி சைக்கிளைப் போட்டேன். நானே போட்டேன். அவர் கேட்ட இடம் வேறு.

காலை எட்டு மணிக்கு முதல் முட்டை வரும். நான் கீழே பலகையில் உட்கார்ந்து முட்டையைப் பொறுக்குவேன். விரிசல் விட்டதைத் தனியாக, அழுக்கானதைத் துடைத்து, நல்லதை அட்டையில். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை, கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். அவர் எதிரே மிதிப்பார். கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. அதனால் கணக்கு அட்டையில்தான். “எத்தனை ஆச்சு புள்ள?” “ரெண்டு ஆச்சுங்க.” முதல் நாள் ஒன்றரை அட்டையில் இறங்கி, கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நான் கையில் முட்டையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போனில் பாடம் நடத்தினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, முடிக்கும்போது மறுபடி மெதுவாக. மூக்கால் இழுத்து, சூடான பாலை ஊதுகிற மாதிரி வாயைக் குவித்து விட வேண்டும். மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் ஜாஸ்தி என்று அர்த்தம். அவர் மிதித்துக்கொண்டே தீவனக்காரரைப் போனில் திட்டிப் பார்த்தார். “இது என்ன மக்காச்சோளமா, இல்ல மண்ணா?” முழுசாகத் திட்டி முடித்தார். திட்டுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மூச்சு இழுக்கிற வேலையை மட்டும் நான் மேற்பார்வை பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், ஊரே சொல்லும். “இழுங்க! மேலாக இழுத்தா பத்தாதுங்க. வகுறு வரைக்கும் இழுங்க!” என்று கத்துவேன். முட்டை எடுக்க வருகிற பெண்கள் சிரிப்பார்கள். “அக்கா, கோழியெல்லாம் மெரண்டு முட்டை போடாமப் போயிரப் போவுதுங்க.” நான் விடமாட்டேன். “அந்தக் காத்தெல்லாம் சும்மாதான வருது, இழுத்தா என்ன கொறஞ்சா போயிரும்? நல்லா இழுங்க!”

மூன்று வாரத்தில் ஆறு அட்டை வரைக்கும் வந்தார். பிறகு மகளுக்குப் பிரசவம். பெங்களூரில் பன்னிரண்டு நாள் இருந்தோம். அங்கே அவருக்கு இருமல் பாதியாகக் குறைந்தது. லிஃப்ட் ரிப்பேரான அன்று மூன்று மாடி ஏறிவந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா? சைக்கிளு வேலை செய்யுது! நான் சொன்னா ஆராச்சும் கேக்கறீங்களா?” என்று எகிறிக் குதித்தேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது, இந்த ஆள் பண்ணையை விட்டு வந்ததால்தான் தேறியிருக்கிறார் என்று தோன்றியிருக்கக் கூடாதா? மகளைக் குற்றம் சொல்லக் கூடாது, பச்சை உடம்புக்காரி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் நான் கணக்கை ஏற்றினேன். எட்டு அட்டை, பத்து அட்டை. பெடலை இறுக்குகிற திருகை இரண்டு சுற்று முறுக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. பழகாத உடம்பு, வலிதான் என்றேன். அடுத்த வாரமும் வந்தது. காலையில் மிதித்தால் சாயங்காலம் குளிர் எடுக்கும், நெஞ்சு இறுகும். மறுநாள் தெளிந்து மறுபடி மிதிப்பார். எட்டு அட்டை ஆறானது, ஆறு நாலானது. குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போடுவதற்கே கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை, “இன்னைக்கு வேண்டாம் புள்ள” என்றார். நான் விட்டேனா? “இப்படியே கட்டில்ல கெடந்தீங்கன்னா அப்படியே கெடக்க வேண்டியதுதான். சோம்பல் பட்டா மூச்சு எங்கிருந்து வரும்?” என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் எழுந்து வந்து ஏறினார். இரண்டு அட்டை மிதித்தார். நகமெல்லாம் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சேலத்தில் நெஞ்சு டாக்டரிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வீட்டில புறா, கிளி, கோழி ஏதாவது வளர்க்கறீங்களா?” என்று கேட்டார்.

அத்தனை நாளுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அப்போதுதான் சிரித்தார். “இருக்குதுங்க. ஒரு இருவதாயிரம்.”

அந்தம்மா சிரிக்கவில்லை. பண்ணையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். உடற்பயிற்சி ஏதாவது செய்கிறாரா என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். அந்த இடத்திலாவது எங்களுக்கு நல்ல பேர் கிடைக்கட்டும் என்று, மகளுக்கு அனுப்புவதற்காக எடுத்திருந்த வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினேன். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுகிறது. அவர் மிதிக்கிறார். பின்னால் கூண்டு கூண்டாகக் கோழி. டாக்டர் வீடியோவை நிறுத்தி, விரலை வைத்துப் பெரிதாக்கினார்.

“இந்த வெளிச்சத்தில பறக்குதே, அது என்னம்மா?”

“தூசிங்க. வெயில் பட்டாத்தான் தெரியும், மத்தபடி ஒன்னுமில்லீங்க” என்றேன்.

கோழியின் செதில், காய்ந்த எச்சத்தின் பொடி, தீவனத் தூசி. சில பேர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது, உள்ளே போகப்போக நுரையீரல் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, தழும்பாகிவிடும் என்று அவர் நிதானமாக விளக்கினார். தழும்பான இடம் மறுபடி நுரையீரலாகாது. மீதி இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கு முதல் மருந்து, இனிமேல் கோழி இருக்கிற காற்றுப் பக்கமே போகக் கூடாது என்பதுதான். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். கடைசியில் வாயைத் திறந்து, “அப்ப சைக்கிளு?” என்றேன்.

“சைக்கிள்ல தப்பே இல்லம்மா. அதை வெச்ச எடம்தான் தப்பு. சும்மா உக்காந்திருக்கும்போது போறதைவிட, மூச்சு வாங்கி மிதிக்கும்போது பல மடங்கு உள்ள போயிருக்கும்.”

சொல்லிவிட்டு வீடியோவை மூடப் போனவர் தவறி மறுபடி ஓடவிட்டுவிட்டார். அந்தச் சின்ன ரூமுக்குள் என் குரல் கணீரென்று கேட்டது. “இழுங்க! நல்லா இழுங்க! வகுறு வரைக்கும்!” நான் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அங்கேயும் கத்திக்கொண்டேயிருந்தது. எப்படி நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்தான் பேசினார். “உனக்கென்ன தெரியும்? முப்பது வருசமா அதுக்குள்ளயே கெடக்கற எனக்கே தெரியல. விடு புள்ள.” வாய்க்காரி என்று பேரெடுத்த நான் மல்லூர் தாண்டி, ராசிபுரம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பஸ்ஸிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

பண்ணையை மூடிவிடலாம் என்றேன். மூடினால் மட்டும்? தெற்கே பங்காளி பண்ணை, மேற்கே அடுத்த தோட்டத்துப் பண்ணை. எங்கள் கோழியைத் தூக்கினால் அவர்கள் கோழியின் காற்று வரும். அந்தக் காற்றுக்கு வேலி போட முடியுமா? அதுவும் அப்போது இருந்த கோழி பேட்ச் முட்டைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் முட்டை போடும். உயிரோடு இருக்கிற இருபதாயிரத்தை விட்டுவிட்டு எங்கே போவது? மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். அவர் ஒப்பவில்லை. கடைசியில் சேலத்தில், ஏற்காடு அடிவாரம் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தோம். முதலில் பார்த்த வீட்டில் மாடிக்காரர் புறா வளர்த்தார். இரண்டாவது வீட்டுக்கு எதிரே கறிக்கோழிக் கடை. மூன்றாவதுதான் அமைந்தது. அவர் ஒரு பையோடு போனார். சைக்கிளை நான் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் இரண்டு நாள் வைத்து, டெம்போவில் ஏற்றி அனுப்பினேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் நான் போய்வந்தேன். எங்கள் பண்ணை கேட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. வெளியாள் யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், கோழிக்குச் சீக்கு கொண்டுவந்துவிடக் கூடாது என்று. ஆபீசர் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, நான் விடமாட்டேன். சேலத்து வீட்டில் அந்தச் சட்டம் எனக்கு. பின்பக்கச் சந்து வழியாகப் போய், வெளிக் குளியலறையில் தலைக்கு ஊற்றி, கட்டிவந்த சேலையைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அங்கே வைத்திருக்கிற வேறு சேலையைக் கட்டிக்கொண்டுதான் முன்னால் வருவேன். “எனக்கே பயோ செக்யூரிட்டி போட்டுட்டா பாரு” என்று சிரிப்பார். அப்படியும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடும்போது இருமல் பிடித்துக்கொண்டது. பொரியலில் காரம் என்றார். காரமில்லை, அது என் தலைமுடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே ராசிபுரம் போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் கோயிலுக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு சைக்கிளையும் மிதிக்கச் சொன்னார், இந்தத் தடவை அளந்து. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். கால் பலமானால் அதே மூச்சில் கூடுதல் வேலை செய்யலாம் என்றார். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நான் ஒரு தடவை பண்ணைக்குப் போலாமுங்களா? செட்டுக்குள்ள வேண்டாம். கேட்டு வரைக்கும்.” அந்தம்மா யோசித்துவிட்டு, எண் இறங்காமல் இருபது நிமிஷம் மிதித்துக் காட்டுங்கள், அப்புறம் நுரையீரல் பலம் பார்க்க மெஷினில் ஊதுகிற டெஸ்டும் நன்றாக இருந்தால், நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தபடியே ஒரு பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்றார். இருபது நிமிஷம். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “பத்து அட்டை” என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குப் போன் வரும். நான் முட்டை ரூமில் போனைப் பலகை மேல் வைத்து, சத்தமாகப் போட்டுவிட்டு அட்டை அடுக்குவேன். அங்கே அவர் மிதிப்பார். பெடல் சுற்றுகிற சத்தம் கிர்கிர்ரென்று வரும், நடுவே அவர் ஊதுகிற சத்தம் வரும். “எத்தனை?” “ரெண்டுங்க.” “எத்தனை?” “மூனுங்க.” எண்ணிக்கை மட்டும்தான் சொல்வேன். இழுங்க என்ற வார்த்தையை நான் அந்த டாக்டர் ரூமோடு விட்டுவிட்டேன். ஒருநாள் அவரே, “ஏம்புள்ள, ஒரு அதட்டல் போட மாட்டேங்கற? வண்டி ஓடவே மாட்டேங்குது” என்றார். முட்டை ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஐந்து அட்டை வரைக்கும் நன்றாக ஏறியது. அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. ஐந்தில் பெடல் சத்தம் நின்றுவிடும். எண் எண்பத்தெட்டு என்பார். போனில் மூச்சு மட்டும் வந்துகொண்டிருக்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இருந்தால் மட்டும் என்ன செய்துவிடுவேன்? போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். ஒருநாள் அழுகையை அடக்க முடியாமல் வாய்விட்டே அழுதுவிட்டேன். “அட கெரகமே, இதுக்குப் போயி அழுவாங்களா?” என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியபடி.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் அந்தத் திருட்டுத்தனத்தை ஆரம்பித்தேன். அட்டை நிறைவதற்கு முன்னாலேயே எண்ணிச் சொன்னேன். இருபது முட்டை அடுக்கியதும் “ஒன்னு ஆச்சுங்க.” பிறகு பதினைந்துக்கே சொன்னேன். ஐந்து ஆறானது. ஆறு ஏழானது. “பரவால்லயே!” என்பார். அந்தப் பரவாயில்லைக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருந்தது. ஆச்சரியம், பெடல் சத்தமும் நிற்காமல் வர ஆரம்பித்தது. நான் பதினைந்தை மறுபடி இருபதாக்கிப் பார்த்தேன், முப்பதாகவே ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் கிர்கிர்ரென்று வந்துகொண்டிருந்தது. எட்டு. ஒன்பது. நிஜமான ஒன்பது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகளிடம் சொன்னேன். முட்டை எடுக்கிற பெண்களிடம் சொன்னேன். உங்கள் அண்ணன் கேட்டு வரைக்கும் வருவார், எல்லாரும் அங்கே வந்து நில்லுங்கள் என்றுகூடச் சொல்லிவைத்தேன். கேட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தேன்.

ஊதுகிற டெஸ்டுக்கு வரச்சொன்ன நாள் வந்தது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி. நான் முந்தின நாளே பெண்களிடம் முட்டையை ஒப்படைத்துவிட்டு, காலையில் முதல் பஸ் பிடித்தேன். எட்டு மணிக்கெல்லாம் பஸ் இறங்கி அவர் தெருவுக்கு நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

“அட்டை அடுக்க ஆரம்பிச்சிட்டியா?” என்றார்.

ஒரு விளையாட்டுப் புத்தி. போய் நின்று திடுக்கிட வைக்கலாம் என்று, “ஆமாங்க, இப்பத்தான் உக்காந்தேன், மிதிங்க” என்றேன். பெடல் சத்தம் ஆரம்பித்தது. நான் நடந்துகொண்டே மனசுக்குள் முட்டை எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். முன்வாசல் வழியாக உள்ளே போகக் கூடாது, குளிக்கவில்லை. பக்கவாட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. முந்தானையை உதறி, கொஞ்சம் தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். “ஆறு ஆச்சுங்க” என்று போனில் மெதுவாகச் சொன்னபோதுதான் பார்த்தேன்.

சைக்கிள் மேல் யாரும் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் சைக்கிள் சீட்டின் மேல் இருந்தது. குனிந்து, வலது கையால் பெடலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கை வலித்தால் இடது கைக்கு மாற்றினார். சுற்று நிற்காமல் மாற்றினார், பழகியிருந்தது. நடுநடுவே போன் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் வாயைக் குவித்து ஊதினார், பாலை ஊதுகிற மாதிரி. அந்த வேலைக்கே அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. விரலில் அந்தக் கருவி மாட்டியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

“எத்தனை புள்ள?”

சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். நான் அன்றைக்குப் போனில் அழுதது ஞாபகம் வந்தது. எத்தனை நாளாக இந்த மனுஷன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகப் பெடல் சுற்றியிருப்பார் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு அந்த மெஷினில் வாயை வைத்து ஊதப் போகிறார். அது எங்கள் இரண்டு பேர் பொய்யையும் கேட்காது.

“ஏழுங்க” என்றேன்.

“குரல் என்னமோ மாதிரி இருக்குது?”

“தூசிங்க. தொண்டையில.”

“மாஸ்க் போட்டுக்க புள்ள. உனக்கும் வந்திரப் போவுது” என்றார். சொல்லிவிட்டுக் கையை மாற்றினார்.

எட்டு என்றேன். ஒன்பது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அட்டைக்கு முப்பது முட்டையாக முழுசாக எண்ணினேன், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. பத்து என்று சொன்னதும் அவர் பெடலை விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்கூடு பனியனுக்குள் ஏறி இறங்கியது. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச முடிந்தது.

“இன்னைக்கு நல்லா இழுத்தனா?”

அந்த வார்த்தையை நான் வாயில் எடுத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

“நல்லா இழுத்தீங்க” என்றேன். “வகுறு வரைக்கும் இழுத்தீங்க.”

அவர் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். நான் போனை வைத்துவிட்டுப் பின்பக்கச் சந்துக்குப் போனேன். குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, “ஆரு?” என்றார்.

“நான்தானுங்க. இப்பத்தான் வாரேன்” என்று சொல்லிவிட்டுத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.